2714 யார் கையில்?

என் வேலை என்ன என்று யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கலாம். என்னால் இருக்க முடிந்ததில்லை. அட்டவணைகளைப் பராமரிக்கிறேன் என்று ஆரம்பித்துவிடுவேன். ஓர் அட்டவணையில் எத்தனை லட்சம் வரிகள் இருந்தாலும் ஒவ்வொரு வரிக்கும் தனக்கென்று ஓர் அடையாளம் வேண்டும். அது இன்னொரு வரிக்கு இருக்கக் கூடாது, காலியாக இருக்கக் கூடாது, ஒரு நாளும் மாறக் கூடாது. அதற்குப் பிரைமரி கீ, அதாவது முதன்மைச் சாவி, என்று பெயர். இதை நான் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லி முடிப்பதற்குள் எதிரே இருப்பவருக்குக் கொட்டாவி வந்துவிடும். ஒரு கல்யாணத்தில் உறவுக்கார மாமா ஒருவர் என்னிடமிருந்து தப்பிக்க இரண்டாம் பந்தியிலும் போய் உட்கார்ந்து சாப்பிட்டார்.

எனக்கு இதில் என்ன அப்படி ஒரு பைத்தியம் என்று அம்மா கேட்பார். நாங்கள் கித்தாக்காட்டு, அதாவது ரப்பர் தோட்டத்து, ஆட்கள். எனக்குப் புரியாமல் வேறு யாருக்குப் புரியும்? அப்பா வேலை செய்த தோட்டத்தில் அவர் பெயரும் அவருடைய அப்பா பெயரும் அப்படியே இன்னும் இரண்டு பேருக்கு இருந்தன. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நிற்கும்போது பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் மூன்று பேர் "ஐயா" என்பார்கள். அதனால் கணக்கெழுதும் கிராணி நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவார். தோட்டம் போய், பாதி செம்பனைக் காடும் பாதி வீடுகள் நிறைந்த தாமானும் ஆகிவிட்டது. அப்பா இன்றைக்கும் எல்லா பாஸ்வோர்டுக்கும் அந்த நம்பரைத்தான் போடுகிறார். இதை எழுதியிருக்கக் கூடாது, போகட்டும்.

எனக்குச் சம்பளம் கொடுக்கும் நிறுவனம் கோலாலம்பூரில் இருக்கிறது. நான் உட்கார்ந்து வேலை பார்ப்பது ஈப்போவில், என் அறையில். வார இறுதி வந்தால் புந்தோங்கில் உள்ள ஒரு டயர் கடையின் மாடிக்குப் போய்விடுவேன். அதுதான் எங்கள் ரத்ததான மன்றத்தின் அலுவலகம். கடைக்காரர்தான் தலைவர். ஐம்பதைத் தாண்டியவர், பெரிய மீசைக்காரர். தலைவர் என்று யாரும் சொல்வதில்லை, எல்லாருக்கும் அவர் அண்ணேதான். நெடுஞ்சாலையில் நசுங்கிய மோட்டார் சைக்கிள்கள் அவர் லோரியில்தான் இழுத்து வரப்படும். ஓட்டிய பையன் என்ன ஆனான் என்று விசாரித்து விசாரித்து மனசு விட்டுப்போய், ஒருநாள் அவரே ஆரம்பித்த மன்றம் அது.

நல்ல மனிதர். ஆனால் மைக்கைக் கையில் கொடுத்தால் போச்சு. "சாதி இல்ல, சகுனம் இல்ல, ராசி இல்ல, ஜோசியம் இல்ல! எல்லாருக்கும் ரத்தம் செவப்புதான்லா!" என்று முழங்குவார். கூட்டம் கைதட்டும். அவர் மட்டும் ஒரு தடவையாவது கட்டிலில் படுத்து ரத்தம் கொடுத்து நான் பார்த்ததில்லை. கேட்டால், "நான் படுத்துட்டா முகாம யாரு பாக்குறது?" என்பார். நானும் விட்டுவிடுவேன்.

போன வருஷம் ரத்த வகை பார்க்கும் முகாம் ஒன்று நடத்தத் திட்டம் போட்டோம். பேராக் மாநிலம் முழுவதிலிருந்தும் ஆட்களை வரவழைத்து, யாருக்கு எந்த வகை ரத்தம் என்று பதிந்துவைத்துக்கொண்டால், தேவைப்படும் நேரத்தில் உடனே கூப்பிடலாம். அண்ணே எனக்குத் தெரியாமலேயே ஒரு காரியம் செய்திருந்தார். கெட்டி பிளாஸ்டிக் அட்டைகள் அடித்து வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் சிவப்பில், கொட்டை எழுத்தில், நாலு இலக்க நம்பர். மன்றத்துக்கு வருகிறவர்களுக்கு இனி இந்த நம்பர்தான் அடையாளம் என்றார்.

எனக்குப் பக்கென்றது. "அண்ணே, சாவி நம்பர மெஷினே போட்டுக்கும். மக்க கண்ணுல அது படவே கூடாது."

"ஏன், நம்பருக்கு வெக்கமா?"

"நாலு நம்பரப் பாத்தா நம்ம ஊர்ல என்ன செய்வாங்கன்னு தெரியாதா உங்களுக்கு?"

தெரியாமலா இருக்கும். எங்கள் ஊரில் நாலு இலக்கம் என்பது வெறும் நம்பர் இல்லை. மோதிய காரின் நம்பர், கனவில் வந்த நம்பர், புதுவீட்டுக் கதவு நம்பர் எல்லாம் நேராக லாட்டரி கட்டும் நம்பர் கடைக்குப் போகும். அது போதாதென்று ராசி வேறு. நம் ஆட்கள் எந்த நம்பரைப் பார்த்தாலும் முதலில் கூட்டிப் பார்ப்பார்கள். கூட்டி எட்டு வந்தால் சனி, தொடமாட்டார்கள். சீனர்களுக்கு எட்டு என்றால் உயிர், நாலு என்றால் சாவு. ஒரே நம்பர் ஒரு வீட்டுக்கு லட்சுமி, அடுத்த வீட்டுக்கு மூதேவி.

அண்ணேக்கு அவர் பாஷையிலேயே சொல்லிப் பார்த்தேன். கடையில் அவர் வாடிக்கையாளர்களின் விவரத்தை வண்டி நம்பரை வைத்துத்தான் எழுதிவைத்திருக்கிறார். ஆனால் ஆசையாய் வாங்கிய வண்டி நம்பரை நம் ஆட்கள் விடுவார்களா? பழைய காரை விற்றுவிட்டு, நம்பரை மட்டும் புது வண்டிக்கு மாற்றிக்கொள்வார்கள். ஒருவர் சின்னக் காரிலிருந்து நம்பரைக் கழற்றி லோரியில் மாட்டிக்கொண்டு வந்தார். அண்ணே புத்தகத்தைப் பார்த்துச் சின்ன டயர்களை எடுத்துவைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"வண்டி நம்பர மாத்தலாம். வண்டி உடம்புலயே அடிச்சிருக்குற சேசிஸ் நம்பர மாத்த முடியுமாண்ணே? அதுதான் பிரைமரி கீ."

அவர் மீசையைத் தடவினார். "நீ சொல்றது சரிதான் தங்கச்சி. ஆனா கார்டு அடிச்சாச்சே."

எங்கள் சங்கங்களில் எந்த விவாதமும் இந்த ஒரு சொல்லில்தான் முடியும். அடிச்சாச்சு. நோட்டீஸ் அடிச்சாச்சு, பேனர் அடிச்சாச்சு, இனி ஆண்டவனே வந்தாலும் மாற்ற முடியாது. நானும் வாயை மூடிக்கொண்டு அந்த நம்பரையே சாவியாக வைத்து அட்டவணைகளைக் கட்டினேன்.

இரண்டு அட்டவணைகள். மண்டப வாசலில் முதல் மேசை, அங்கே நான். வருகிறவரின் பெயரையும் போன் நம்பரையும் பதிந்து ஓர் அட்டையைக் கொடுப்பேன். உள்ளே இரண்டாம் மேசை. அங்கே ஆய்வுக்கூடத்து ஆள் விரல் நுனியில் குத்தி, ஒரு துளி எடுத்து, வகையைப் பார்த்து, அட்டை நம்பருக்கு நேரே பதிவார். முதல் அட்டவணைக்கு ஆளைத் தெரியும், ரத்தம் தெரியாது. இரண்டாவதற்கு ரத்தம் தெரியும், ஆளைத் தெரியாது. நடுவில் கல்யாணத் தரகர் போல அந்த நம்பர் ஒன்றுதான் இரண்டையும் சேர்த்துவைக்கிறது. தரகர் தடுமாறினால் பெண் வேறு வீட்டுக்குப் போய்விடும்.

இரண்டு மேசைகளுக்கும் நடுவே நாற்காலிகள் போட்டு, குடிக்க இனிப்பான சீராப் தண்ணீரும் கொறிக்கப் புந்தோங் கச்சாங் பூத்தேக் கடலையும் வைத்திருந்தோம். அன்றைக்கு வந்த கூட்டத்தைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை. தமிழர், சீனர், மலாய்க்காரர் என்று வரிசை வாசலைத் தாண்டிப் போனது. நாற்காலிப் பக்கமிருந்து ஒரே சிரிப்பும் சத்தமும் கேட்டது. ரத்தம் பார்க்க வந்த இடத்தில் எவ்வளவு ஒற்றுமை என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. என் கண் திரையில் இருந்தது.

அவரவர் போனுக்கு அவரவர் ரத்த வகை செய்தியாகப் போனது. அண்ணேயும் எங்களோடு பதிந்துகொண்டவர்தான். ஏ பாசிட்டிவ் என்று வந்த செய்தியைக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். "ஸ்கூல்லகூட நான் ஏ வாங்குனதில்லலா!"

அதற்குப் பிறகு இன்னும் பல முகாம்கள் நடந்தன. அட்டவணை வளர்ந்துகொண்டே போனது. மன்றத்தின் லேப்டாப்போ யாரோ தானமாகக் கொடுத்த கிழம். குறிப்பிட்ட ஒரு வகை ரத்தக்காரர்களைத் தேடச் சொன்னால், அது முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போகும். அதற்குள் நான் போய் ஒரு தே வாங்கிக் குடித்துவிட்டு வரலாம். ஆகவே ரத்த வகைக்கு ஓர் இண்டெக்ஸ் போட்டேன்.

இண்டெக்ஸ் என்றால் என்னவென்று அண்ணே கேட்டார். அவர் கடைச் சுவரில் தொங்கும் பலகையைக் காட்டினேன். டயர்களை வந்த வரிசைப்படிதான் அடுக்கியிருப்பார். ஆனால் எந்த அளவு டயர் எந்த அடுக்கில் இருக்கிறது என்று சுவரில் ஒரு பலகை. ஆள் வந்து அளவைச் சொன்னால் பலகையைப் பார்த்து நேராக அந்த அடுக்குக்குப் போவார். கடை முழுக்க உருட்டமாட்டார். அந்தப் பலகைதான் இண்டெக்ஸ். புது டயர் வந்தால் அடுக்கிலும் வைக்க வேண்டும், பலகையிலும் எழுத வேண்டும். அந்தக் கூடுதல் வேலைதான் அதற்கு நாம் கொடுக்கும் கூலி. அண்ணே தலையை ஆட்டிக்கொண்டே கொட்டாவி விட்டார்.

என் பேச்சுக்குக் கொட்டாவி விடாத ஒரே ஜீவன் என் அக்காதான். அவளுக்கும் ஒன்றும் புரியாது. நான் துள்ளுவதைப் பார்க்கப் பிடிக்கும், அவ்வளவுதான். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, போகாத கோயில் இல்லை என்று ஆன பிறகு, வயிற்றில் ஒரு குழந்தை தங்கியிருந்தது. அக்காவுக்கு ஓ நெகடிவ். ஓ நெகடிவ் ரத்தத்தை யாருக்கும் ஏற்றலாம், ஆனால் ஓ நெகடிவ் ஆளுக்கு இன்னொரு ஓ நெகடிவ்வைத் தவிர வேறெதுவும் ஆகாது. எங்கள் ஊரில் நெகடிவ் ஆட்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒரே வயிற்றில் பிறந்த நானே பாசிட்டிவ்.

அந்தச் சனிக்கிழமை காலை ரொட்டி சானாயைப் பிய்த்து வாயில் வைக்கும்போது அத்தானிடமிருந்து போன் வந்தது. எப்போதும் அமைதியாகப் பேசுகிறவர், அன்று மூச்சு வாங்கினார்.

"அக்காவுக்கு ரத்தம் போகுதும்மா. வார்டுல சேத்தாச்சு. நச்சுக்கொடி கீழ இருக்காம், நாளைக்குக் காலைல ஆபரேஷன். ஓ நெகடிவ் கையில கொஞ்சந்தான் இருக்காம். வெளிலேருந்தும் கேட்டிருக்காங்க. ஒங்க மன்றத்துல யாராச்சும் இன்னிக்கே வந்து குடுத்தா, டெஸ்ட் பண்ணி ரெடியா வெச்சிருப்பாங்களாம்."

கையைக் கழுவினேனா என்று ஞாபகம் இல்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மோட்டாரை எடுத்தேன். மக்களின் விவரம் வெளியே போகக் கூடாது என்று லேப்டாப்பை டயர் கடை மாடியிலேயே வைத்திருந்தோம். மாடிப்படியில் நான் ஓடிய சத்தம் கேட்டு அண்ணேயும் பின்னால் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். "போடு, போடு, தேடு!" என்றார்.

ஓ நெகடிவ் என்று தட்டினேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் பெயர்கள் வந்து நின்றன. அந்தப் பயத்திலும் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். நான் போட்ட இண்டெக்ஸ்! மொத்தம் மூன்று பேர். முதல் ஆளைக் கூப்பிட்டால், இப்போதுதான் வேறொருவருக்கு ரத்தம் கொடுத்தாராம், இடைவெளி விட வேண்டும். இரண்டாவது ஆள் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். மூன்றாவது பெயர் 2714 என்ற நம்பரில் இருந்தது. பீடோரில் கொய்யாப்பழக் கடை வைத்திருக்கும் சீன ஆன்ட்டி. தோட்டத்துக் கடைவீதியில் வளர்ந்தவர். தமிழில் நம்மையே திட்டித் தீர்ப்பார்.

"ஆன்ட்டி, ஒங்களுக்கு ஓ நெகடிவ்தானே?"

"ஒங்க மெசேஜ்தான் அப்படிச் சொல்லுச்சு. நான் சிரிச்சேன்லா! மூணு பிள்ள பெத்தவ நான். மூணு வாட்டியும் டாக்டர் பி பாசிட்டிவ்னுதான் சொன்னாரு. ஒங்க மெஷின் மாபோக்!"

மெஷின் போதையில் உளறியிருந்தால் மூன்றாவது ஆளே கிடையாது. ஆனால் மெஷின் குடிக்காது. கண்ணாடித் தகட்டில் விழுந்த துளியும் பொய் சொல்லாது. அன்றைக்கு அந்த மண்டபத்துக்குள் ஓ நெகடிவ் ரத்தத்தோடு ஓர் ஆள் நிச்சயம் நின்றிருக்கிறார். அந்த ஆள் ஆன்ட்டி இல்லை. அப்படியானால் கோளாறு ரத்தத்தில் இல்லை, நம்பரில்.

"ஆன்ட்டி, அன்னிக்குக் குடுத்த கார்டு இருக்கா?"

"இருக்கு, பெர்ஸ்ல. நல்ல நம்பர்லா. ரெண்டு, ஏழு, சைபர், எட்டு."

"ஆனா நான் ஒங்களுக்கு 2714 குடுத்திருக்கேன்."

"ஆமா, கடைசில நாலு! யாருக்கு வேணும்? ஒரு தம்பி எட்டு வேணாம் வேணாம்னு நின்னான். நான் அத எடுத்துக்கிட்டு என்னோடத குடுத்தேன். ரெண்டு பேருக்கும் சந்தோஷம். ஏன், தப்பா?"

"மாத்திக்கிட்டாங்கண்ணே!" என்று நான் கத்திய கத்தலில், பிளாஸ்கிலிருந்து தே ஊற்றிக்கொண்டிருந்த அண்ணே மேசை மேலெல்லாம் ஊற்றினார். அப்போதுதான் எனக்கு அந்தச் சிரிப்பும் சத்தமும் ஞாபகம் வந்தது. ஒற்றுமையாம் ஒற்றுமை! நாற்காலியில் உட்கார்ந்து சந்தை வியாபாரம் நடத்தியிருக்கிறார்கள்.

2708-க்கு என்ன ரத்தம் பதிந்திருக்கிறது என்று பார்த்தேன். பி பாசிட்டிவ். அது ஆன்ட்டியின் ரத்தமேதான்! நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். குழப்பத்துக்குள் ஓர் ஒழுங்கு இருந்தது. ஒருவர் கையில் இப்போது இருக்கும் அட்டையின் நம்பரைத் தட்டினால், நான் அதை முதலில் யாரிடம் கொடுத்தேன் என்று தெரியும். அவரிடம் இப்போது எந்த அட்டை இருக்கிறது என்று கேட்டால் அடுத்த ஆள். இப்படியே போனால் 2714-ஐக் கையில் வைத்திருக்கும் ஆள் கிடைத்தே தீர வேண்டும். அந்த ஆள்தான் ஓ நெகடிவ்.

2708 என்று தட்டினேன். லூமுட்டில் கடற்படையில் இருக்கும் ஒரு தம்பி. போனில் படகுத்துறைக் காற்று இரைந்தது.

"சத்தியமா நான் இதெல்லாம் நம்பறதில்லக்கா. அம்மா கூட வந்திருந்தாங்க. கூட்டினா எட்டு வருதுன்னு ஒரே ரகள."

"சரி தம்பி, ஆன்ட்டிகிட்ட வாங்குன 2714 ஒன் கையில இருக்கா?"

"இல்லக்கா. ஒரு டீச்சர் வந்து, அவங்க காரோட நம்பரும் 2714தான்னு ஆசையா கேட்டாங்க. குடுத்துட்டு அவங்களோடத வாங்கிக்கிட்டேன். 2711."

"தங்கச்சி, கீழ கஸ்டமர் வந்த மாதிரி இருக்கு. பாத்துட்டு வாரேன்," என்றார் அண்ணே.

"யாரும் வரல, உக்காருங்கண்ணே!" தலைவரை நான் அதட்டியது அதுதான் முதல் தடவை. அவரும் உட்கார்ந்துவிட்டார்.

2711, கோலா கங்சாரில் ஒரு டீச்சர். தேவாலயப் பாட்டுக்குழுவோடு பயிற்சியில் இருந்தார். பின்னால் பாட்டு கேட்டது. நான் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"நாங்க ராசி கீசியெல்லாம் பாக்கறதில்லம்மா. கார் நம்பராச்சேன்னு ஒரு ஆசதான்."

"அந்தக் கார்டு இருக்குல்ல டீச்சர்?"

"ஐயோ, இல்லையே! ரத்தம் பாக்குற மேசைக்குப் போறதுக்குள்ள ஒருத்தர் வந்து கெஞ்சுனாரும்மா. பாவம், வேர்த்து ஊத்துது அவருக்கு. கூட்டினா எட்டு, வீட்டுல தெரிஞ்சா தொலைஞ்சேன்னாரு. மனசு கேக்கல, மாத்திக்கிட்டேன். அவரோட கார்டு இதோ இருக்கு. ரெண்டு, ஏழு, ஒண்ணு, ஏழு."

2717 என்று தட்டினேன். பெயர் வந்தது. நான் இன்னொரு தடவை படித்தேன். போனில் டீச்சர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். "பெரிய மீசை வெச்சிருந்தாரும்மா. மைக்ல, சகுனம் இல்ல ஜோசியம் இல்லன்னு பேசுனாரே, அவரேதான்."

மெல்லத் திரும்பினேன். அண்ணே மேலே சுற்றும் காற்றாடியை ஏதோ புதிதாக வாங்கியதைப் போல உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பின்பாக்கெட்டிலிருந்து பெர்ஸை எடுத்தார். வீட்டுக்காரி படத்துக்கும் ஒரு முருகன் படத்துக்கும் நடுவிலிருந்து ஓர் அட்டையை உருவி மேசையில் வைத்தார். சிவப்பில், கொட்டை எழுத்தில், 2714.

"கூட்டினா அஞ்சு," என்றார். "புதன்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பேராக்கையே சுற்றித் தேடிய ரத்தம் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது! சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, "நீங்க ஏ இல்லண்ணே, ஓ! ஓ நெகடிவ்! நீங்கதான்!" என்று கூத்தாடினேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "தங்கச்சி, எனக்கு ஊசின்னா ஆகாது."

"என்னண்ணே?"

"அன்னிக்கு வெரல்ல குத்துனதுக்கே காலு நடுங்கிருச்சு. அதான் இத்தன வருஷமும்..." ரத்ததான மன்றத்தின் தலைவர் மேசையில் சிந்திய தேயைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். வற்புறுத்தினால் பாவம், விட்டால் அக்கா.

துணியை வைத்துவிட்டு அவரே கேட்டார். "அக்காவுக்கு இது எத்தனாவது புள்ள?"

"மொதல்ண்ணே."

அவர் எழுந்தார். படிக்கட்டிலிருந்தே கடைப் பையன்களிடம் கத்தினார். "கடையப் பாத்துக்குங்க! லோரி சாவி எங்க?" என்னிடம், "மோட்டார்ல வேணாம். விழுந்து வெச்சா இருக்குற ரத்தமும் போயிரும். லோரில போலாம்," என்றார். நசுங்கிய வண்டிகளை இழுத்து வரும் அந்த லோரியில், மஞ்சள் விளக்கு சுழல, ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் அவர் முருகா முருகா என்றது எனக்குக் கேட்டது, கேட்காததுபோல உட்கார்ந்திருந்தேன்.

முதலில் வகையைப் பார்த்தார்கள். தாதி தாளைப் பார்த்து "ஓ நெகடிவ்" என்றதும் வெளியே நின்ற அத்தான் சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணே கட்டிலில் படுத்தார். ஊசியைப் பார்க்காமல் முகத்தை என் பக்கம் திருப்பி, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். டயர் கழற்றும் கை. எனக்கு எலும்பு நொறுங்கியது.

"ஏதாச்சும் பேசு தங்கச்சி."

"என்ன பேசறது?"

"எதையாவது. ஒன் சாவிக் கதையச் சொல்லு."

சொன்னேன். பிரைமரி கீ என்றால் என்ன, அது ஏன் வெறும் அடையாளமாக மட்டும் இருக்க வேண்டும், ராசியும் அர்த்தமும் அதில் ஏறினால் மனிதர்கள் அதை ஏன் சும்மா விடமாட்டார்கள், ஓர் அட்டவணையின் சாவி இன்னோர் அட்டவணைக்குள் போய் எப்படிக் கைகோக்கிறது, இண்டெக்ஸை ஏன் கண்ட கண்ட இடத்திலெல்லாம் போடக் கூடாது, எல்லாம் சொன்னேன். அவர் கண் கொட்டாமல் கேட்டார். நடுவில் சந்தேகம்கூடக் கேட்டார். பை நிறையும் வரை ஒரு கொட்டாவி இல்லை. என் வாழ்நாளில் அக்காவைத் தவிர என் பேச்சை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை கேட்ட முதல் மனிதர் அவர்தான்.

"முடிஞ்சிருச்சு," என்றார் தாதி.

"அதுக்குள்ளயா?" என்றார் அண்ணே. பிஸ்கட்டும் மைலோவும் கொடுத்தார்கள். போட்டோ எடுக்கச் சொல்லி மீசையை முறுக்கினார்.

மறுநாள் காலை அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ரத்தம் நிறையத் தேவைப்பட்டதாம். அதில் அண்ணேயுடைய பை ஏறியதா, வேறு பைகளா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. ஏறியது என்று அவரே முடிவு செய்து, புந்தோங் முழுக்கச் சொல்லிவிட்டார்.

அன்றைக்கு வந்த எல்லாரையும் மறுபடி கூப்பிட்டு ரத்தம் பார்த்தோம். இந்தத் தடவை சாவியை மெஷின் போட்டது. நான் அதை யார் கண்ணிலும் காட்டவில்லை. ஆனால் மனிதர்கள் மனிதர்கள்தானே? அவர்களுக்காக "பிடித்த நம்பர்" என்று தனியாக ஒரு கட்டம் சேர்த்தேன். யாரும் எதையும் போட்டுக்கொள்ளலாம், எத்தனை பேரும் ஒன்றையே போடலாம், எந்த அட்டவணையும் அதை நம்பி இல்லை. பீடோர் ஆன்ட்டி 8888 போட்டார். டீச்சருக்கு அவர் கார் நம்பர் கிடைத்தது. அண்ணே அந்த இடத்தைக் காலியாக விடச் சொன்னார்.

வார்டில் அக்காவைப் பார்க்க அவர் ஆரஞ்சுப் பழங்களோடு வந்த அன்று நானும் இருந்தேன். குழந்தை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. கணுக்காலில் ஒரு சின்னப் பட்டை, அதில் அக்காவின் பெயர், கீழே நீளமாக ஒரு நம்பர். அண்ணே குனிந்தார். அவர் உதடு அசைவதையும் பெருவிரல் மற்ற விரல்களைத் தொட்டுத் தொட்டுப் போவதையும் பார்த்தேன். பழக்கம் எங்கே போகும்? நானும் மனசுக்குள் கூட்டினேன். எட்டு.

அவர் நிமிர்ந்தார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். அக்காவும் கட்டிலில் படுத்தபடி எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்திருக்கிறாள். தையல் வலியிலும் அவளுக்குக் குறும்பு போகவில்லை.

"என்னண்ணே, எட்டா? பக்கத்துக் கட்டில்லயும் ஒரு புள்ள இருக்கு. பட்டைய மாத்திக்கலாமா?"

அண்ணே இரண்டு கையையும் விரித்துத் தொட்டிலை மறைத்துக்கொண்டு நின்றார்.

"யாரும் தொடக் கூடாது! இது மாறாதுலா. இது பிரைமரி கீ!"